மலிவா, தரமா: எது எங்கே முதலில் போகும்?

விலை கூடின பொருள் நிற்கும், மலிவானது சீக்கிரம் போகும் என்பது பொதுவான பேச்சு. குமரி மாவட்டத்தில் அது பாதி இடங்களில்தான் பலிக்கும். ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை கடலை ஒட்டின வீடுகளில் உப்புக் காற்று. மேற்கே மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை பக்கம் ஜூனில் தொடங்கும் மழையும் ஐப்பசி மழையும் சேர்ந்து மாதக்கணக்கில் ஈரம். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி. வெளியூர்க்காரர் தன் ஊருக்கு எழுதின பட்டியலை வைத்துக்கொண்டு இங்கே சாமான் வாங்கினால் பணம் வீண்தான்.

எந்தப் பொருளிலும் முதலில் கெட்டுப்போகிற ஓர் இடம் உண்டு. குடையில் கம்பியின் மூட்டு, மிக்சியில் ஜாரின் அடியில் தண்டைப் பிடிக்கிற புஷ், ஷீட் கூரையில் திருகின் வாஷர், செருப்பில் வாரின் குமிழ். நாம் கொடுக்கிற கூடுதல் பணம் அந்த இடத்துக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போயிருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். பளபளப்பு, அட்டைப்பெட்டி, விளம்பரம் என்று வேறு எங்காவது போயிருந்தால் மலிவானதை வாங்கிக்கொண்டு வரலாம்.

குடையை எடுத்துக்கொள்வோம். துணி கிழிந்து வீணாகும் குடை அபூர்வம். கம்பியின் மூட்டில் துரு ஏறி, மடக்கும்போது ஒடிந்துதான் பெரும்பாலான குடைகள் போகின்றன. மூன்று மடக்குக் குடையில் ஒவ்வொரு கம்பிக்கும் மூட்டுகள் அதிகம். நீளக் கைப்பிடிக் குடையில் குறைவு. அதனால் ஒரே விலையில் இரண்டும் இருந்தால் நீளக் குடைதான் அதிக நாள் நிற்கும், ஆரல்வாய்மொழியை ஒட்டின தோவாளை பக்கத்துக் காற்றிலும் எளிதில் தலைகீழாக மலராது. கடையில் குடையை விரித்து, ஒரு கம்பியின் நுனியைப் பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள். மெல்லிய தகரக் கம்பி வளைந்த இடத்தில் அப்படியே நிற்கும். ஃபைபர் கம்பி திரும்பி வந்துவிடும், துருவும் பிடிக்காது. ஆனால் ஃபைபர் ஒடிந்தால் தெருவில் குடை ரிப்பேர் செய்கிறவரால் நிமிர்த்த முடியாது, கம்பியையே மாற்ற வேண்டும். இரும்புக் கம்பி என்றால் அவரே ஒரு துண்டு வைத்துக் கட்டிக்கொடுத்துவிடுவார். அடுத்ததாக, தண்டில் குடையை நிறுத்திப் பிடிக்கிற சின்ன நாக்கு. அதை அமுக்கி விட்டால் சட்டென்று வெளியே வர வேண்டும். அது இறுகினால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் குடை உதவாது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் குடை கெட்டுப்போகும் முன்பே தொலைந்துபோகும். அவர்களுக்கு மலிவானதே சரி, பெயர் எழுதிக் கொடுத்தால் போதும். விலை எதுவாக இருந்தாலும் நனைந்த குடையை மடக்கி மூலையில் சாய்த்து வைத்தால் கம்பியில் துரு ஏறும், துணியில் கரும்புள்ளி விழும். நிழலில் பாதி விரித்து வைத்துக் காயவிட வேண்டும்.

இனி இரும்பும் ஸ்டீலும். கடற்கரை வீடுகளில் அதிகப் பணம் வீணாவது இதில்தான்.

"ஸ்டீல்தானே, துருப்பிடிக்காது" என்று கடையில் சொல்வார்கள். ஸ்டீலைத் துருவில் இருந்து காப்பாற்றுவது அதன் மேல் இயல்பாகப் படியும் ஒரு மெல்லிய குரோமிய ஆக்சைடு படலம். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை ஊசி குத்தின மாதிரி ஓட்டை போடும். முதலில் தேயிலைக் கறை போல் பழுப்பு, பிறகு குழி. 304 என்ற ரகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். இது ஓரளவு தாங்கும். மலிவான 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். காந்தம் வைத்துப் பார்ப்பதும் இங்கே உதவாது, இரண்டிலுமே அவ்வளவாக ஒட்டாது. காந்தம் பலமாக ஒட்டினால் அது நிக்கல் இல்லாத வேறு ரகம் என்பது மட்டும் தெரியும். 304 என்று சொல்லி விலை கேட்கிற கைப்பிடிக் கம்பி, கேட் போன்ற பெரிய வேலைகளில் சோதனைத் திரவத்தைக் கேளுங்கள். ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் சில நொடிகளில் சிவந்துவிடும் என்றால் அது 200 வரிசை. கடலுக்கு நேர் எதிரே இருக்கிற வீட்டுக் கம்பிக்கு 304-ம் போதாது. மாலிப்டினம் சேர்ந்த 316 வேண்டும். அது கட்டுப்படியாகாது என்றால் ஸ்டீலையே விட்டுவிட்டு இரும்புக்குப் பெயிண்ட் அடித்துக்கொள்வது நல்லது. வருடம் ஒருமுறை சுரண்டி அடிக்கலாம். குழி விழுந்த ஸ்டீலை அப்படிச் சரிசெய்ய முடியாது.

இதே விஷயம் அடுக்களைக்கு வந்தால் கணக்கு மாறிவிடும். தினமும் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கிற தட்டு, டம்ளருக்கு மலிவான ரகமே போதும். அதில் உப்பு தங்குவதில்லை. புளியும் உப்பும் மணிக்கணக்கில் இருக்கிற குழம்புப் பாத்திரம், ஊறுகாய்ப் பாத்திரம் இவற்றுக்குத்தான் 304 பார்க்க வேண்டும். ஊறுகாய்க்கு அதைவிடப் பீங்கான் பரணி மேல்.

குழாயில் மலிவானதுதான் ஜெயிக்கும். வெளிச்சுவரிலும் கொல்லைப்புறத்திலும் இருக்கிற குழாய்க்குப் பிளாஸ்டிக்கே மேல். கடைகளில் பிடிஎம்டி குழாய் என்று கேட்டால் தருவார்கள். உப்புக்கு அது அசையாது. குரோமியம் பூசின மலிவு உலோகக் குழாய்தான் மிக மோசம். உள்ளே பித்தளைக்குப் பதில் துத்தநாகக் கலவை இருக்கும், பூச்சு ஒரு இடத்தில் விட்டதும் வெள்ளையாகப் பொரிந்து மரை தின்றுபோகும். கையில் எடுத்தால் பித்தளைக் குழாயின் கனம் தெரியும். குளியலறைக்குப் பித்தளை வாங்குவதானால் இன்னொன்றையும் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரில் மணல் வருகிற வீட்டில், கால் சுற்றில் திறக்கிற பீங்கான் வட்டுக் குழாயில் வட்டு கீறி ஒழுக ஆரம்பிக்கும். பழைய மாதிரி பல சுற்று திருப்புகிற குழாயில் ரப்பர் வாஷரை மாற்றினால் போதும். விலை சில ரூபாய்தான், வேலை ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்வது.

திருகு, கீல், தாழ்ப்பாள் விஷயத்தில் நேர் எதிர். கதவு ஆயிரக்கணக்கில் ஆகும், அதைப் பிடித்திருக்கிற திருகில் மிச்சம் பிடிப்பார்கள். கறுப்புத் திருகு கடற்கரையில் சீக்கிரமே மரத்துக்குள் துருப்பிடித்து, கழற்றப் போனால் தலை உருண்டுவிடும். பிறகு மரத்தைத்தான் வெட்ட வேண்டும். ஸ்டீல் திருகும் பித்தளைக் கீலும் சேர்த்து ஒரு கதவுக்குக் கூடுகிற செலவு கதவு விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை. ஷீட் கூரைக்கும் இதே கதைதான். ஷீட்டின் தடிமனைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், திருகின் வாஷரை யாரும் கேட்பதில்லை. மழை உள்ளே வருவது அந்த வாஷர் வழியாகத்தான். மலிவான பிவிசி வாஷர் வெயிலில் காய்ந்து வெடிக்கும். கறுப்பான இபிடிஎம் ரப்பர் வாஷர் பல வருடம் மென்மையாகவே இருக்கும். திருகை ஷீட்டின் மேட்டில் அடிக்கச் சொல்லுங்கள், தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். இறுக்கும்போது வாஷர் லேசாகப் பிதுங்கினால் போதும். பப்படம் மாதிரி நசுங்கினால் அது புதிதாக இருந்தும் ஒழுகும்.

தீயல், அவியல், மீன் குழம்பு என்று தினமும் தேங்காய் அரைக்கிற வீட்டில் மிக்சி ஒரு முக்கியமான வாங்கல். இங்கே 500 வாட் எடுத்தால் மோட்டார் திணறும். 750 வாட் எடுப்பது நியாயம். அதற்கு மேல் 1000 வாட் என்று கொடுக்கிற பணம் பெரும்பாலான வீட்டுக்குத் தேவையில்லை. ஆனால் மிக்சி போவது பெரும்பாலும் மோட்டாரில் தொடங்குவதில்லை. ஜாரைக் கவிழ்த்து, அடியில் இருக்கிற தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. அந்த இடைவெளி வழியாக உப்பும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த கறுப்புத் தண்ணீர் சொட்டும், கீழே ஜாரையும் மோட்டாரையும் இணைக்கிற கப்ளரில் வடியும், அங்கிருந்து மோட்டாரின் பேரிங்குக்குள் இறங்கும். கருகின வாசனை வந்த பிறகு மெக்கானிக்கிடம் போவது கடைசிக் கட்டம். கறுப்புத் தண்ணீர் கண்டவுடன் புஷ்ஷை மாற்றினால் அந்த மிக்சி இன்னும் பல வருடம் ஓடும். கப்ளர் உடைந்தால் கவலைப்படவே வேண்டாம். ஜார் சிக்கும்போது மோட்டாருக்குப் பதில் தான் உடைய வேண்டும் என்றே அதை மென்மையாகச் செய்திருக்கிறார்கள்.

ஆகவே மிக்சி வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, "அண்ணே, இதுக்கு புஷ்ஷும் கப்ளரும் தனியாட்டு கெடைக்குமா?" என்பது. நாகர்கோவில் வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் உதிரி விற்கிற கடைகளில் கிடைக்கிற கம்பெனியை எடுங்கள். எவ்வளவு நல்ல மிக்சியானாலும் உதிரிக்கு வெளியூருக்கு எழுதிப்போட வேண்டும் என்றால் அது நமக்கு நல்ல மிக்சி இல்லை.

மின்விசிறியில் கணக்குப் போட்டே முடிவெடுக்கலாம். சாதாரண விசிறி சுமார் 75 வாட், மின்சாரம் குறைவாக இழுக்கிற பிஎல்டிசி மோட்டார் விசிறி சுமார் 30 வாட். வித்தியாசம் 45 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், இரண்டு மாத பில்லுக்கு 32 யூனிட். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்கு ஒட்டி வருகிற வீடு என்றால் இந்த 32 யூனிட் பெரிய விஷயம், ஏனென்றால் 500 தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருக்கிற குறைந்த கட்டணம் போய்விடும். அதனால் படுக்கையறைக்கும் நடுக்கூடத்துக்கும் பிஎல்டிசி, விருந்தாளி அறைக்கும் அடுக்களைக்கும் சாதாரண விசிறி என்று பிரிப்பது புத்திசாலித்தனம். சாதாரண விசிறி மெதுவாக ஓடினால் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், சத்தம் போட்டால் பேரிங். இரண்டும் எந்த மின்சாமான் கடையிலும் கிடைக்கும். பிஎல்டிசியில் போவது உள்ளே இருக்கிற மின்னணுப் பலகை. இடி நேரத்தில் மின்னழுத்தம் துள்ளினால் அதுதான் முதலில் போகும். உத்தரவாதம் பலகைக்கும் சேர்த்தா, எத்தனை வருடம், மாற்றுப் பலகை விலை என்ன என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்இடி பல்பும் அதே மாதிரி. கழிவறை, சாய்ப்பு (வீட்டை ஒட்டின சரிவுக் கூரை), கோழிக்கூடு எல்லாவற்றுக்கும் மலிவான 9 வாட் போதும். பிள்ளைகள் படிக்கிற இடத்துக்கும் எட்டாத உயரத்தில் மாட்டுகிற பல்புக்கும் நல்லது வாங்குங்கள்.

எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மட்டும் மலிவு என்ற பேச்சே வேண்டாம். வெளியே இருந்து பார்த்தால் 150 ரூபாய்ப் பெட்டியும் 600 ரூபாய்ப் பெட்டியும் ஒன்று போல்தான் இருக்கும். அடியில் இருக்கிற திருகுகளைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். நல்ல பெட்டியில் ஓட்டைகளுக்கு நேராக மூன்று தடித்த பித்தளைப் பட்டைகள் ஓடும், ஒயர் மூன்றும் உறுதியாகப் பற்றவைத்திருக்கும். மலிவான பெட்டியில் பித்தளை நிறம் பூசின மெல்லிய இரும்புத் தகடு இருக்கும். பல பெட்டிகளில் மேலே பெரிய ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் ஒயரே இருக்காது. பட்டையில் காந்தம் ஒட்டினால் இரும்பு. திறக்காமல் வெளியே இருந்து காந்தம் வைத்துப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. சில நல்ல பெட்டிகளில் பித்தளையை இறுக்கிப் பிடிக்க ஓர் எஃகுக் கவ்வி வைத்திருப்பார்கள், அதுவும் காந்தத்தை இழுக்கும்.

1000 வாட் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியர் இழுக்கும். 2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர். உப்புக் காற்றில் இரும்புத் தகடு துருப்பிடித்தால் தொடுகிற இடத்தில் தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டில் தகடு தளரும், தளர்ந்தால் இன்னும் சூடு. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு கால் மட்டும் கறுத்திருக்கும். அந்தப் பெட்டியை அன்றைக்கே தூக்கிப் போட வேண்டும், மணல்தாள் போட்டுத் தேய்த்துப் பயன்படுத்தக் கூடாது. இன்டக்‌ஷனும் கெய்சரும் எந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியிலும் போகக் கூடாது. சுவரில் 16 ஆம்பியர் சாக்கெட், அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயராவது வேண்டும். கெய்சருக்கு 4 இருந்தால் நல்லது. விளக்குக்கு இழுத்த 1.5 ஒயரில் இருந்து கொக்கி போட்டுக் கொடுக்கிற எலக்ட்ரீஷியனை வேலைக்கு விட வேண்டாம்.

இதே வரிசையில் இன்னும் மூன்று உண்டு. கேஸ் ஹோஸ் கம்பிவலை வைத்த ஆரஞ்சு நிற ரப்பர் ஹோஸாகவே இருக்க வேண்டும். மேலே தேதி அச்சிட்டிருக்கும். அதில் இருந்து 5 வருடம், பிறகு வெடிப்பு இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். குக்கருக்கு ஐஎஸ்ஐ முத்திரையும், அந்தக் கம்பெனியின் காஸ்கெட்டும் சேஃப்டி வால்வும். ஏறக்குறையப் பொருந்துகிற காஸ்கெட் என்று ஒன்று கிடையாது. ஹெல்மெட்டும் ஐஎஸ்ஐ. தெருவோரத்தில் 300 ரூபாய்க்கு ஒட்டின முத்திரை முத்திரையாகாது.

இனி, மலிவானதே சிறந்ததாக இருக்கிற இடங்கள். மழைக்காலத்தில் தடித்த டர்க்கி துண்டு இரண்டு நாள் ஆனாலும் காயாமல் நாறும். மெல்லிய பருத்தித் தோர்த்து ஒரு மணி நேரக் காற்றில் காய்ந்துவிடும், விலையும் கால்வாசி. சாரமும் (லுங்கியும்) அப்படியே. தடிமன் பார்த்து வாங்கினால் ஆடி மழையில் வருத்தப்படுவோம். ஈர்க்குவாரியலுக்கு, அதாவது தென்னை ஈர்க்குத் துடைப்பத்துக்கு, தென்னை வைத்திருக்கிறவர் பணம் கொடுக்கவே வேண்டாம். மீன் குழம்புக்கு மண்சட்டியை மிஞ்ச எந்த விலையிலும் ஒன்று இல்லை. சந்தையில் எடுக்கும்போது தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு கஞ்சித்தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, ஆறினபின் தேங்காய் எண்ணெய் தடவி எடுத்தால் பழகிவிடும். சட்டி உடைவது பெரும்பாலும் வெறும் சட்டியைப் பெரிய தீயில் வைப்பதாலும், சூட்டோடு ஈரத்தரையில் இறக்குவதாலும்தான்.

செருப்பு விஷயத்தில் விலை ஒரு பொருட்டே இல்லை, அடிப்பாகம்தான் எல்லாம். பாசி பிடித்த முற்றத்தில் ரப்பர் அடி பிடிக்கும், பிளாஸ்டிக் அடி வழுக்கும். வயசானவர்கள் இருக்கிற வீட்டில் இதை மட்டும் கவனித்தால் போதும். ரப்பர் செருப்பில் வார் போனால் வார் தனியாகக் கிடைக்கும். வார் நுழைகிற ஓட்டை விரிந்துவிட்டால் புதிய வாரும் நிற்காது, அப்போது செருப்பையே மாற்றுங்கள். அடியில் வரி தேய்ந்து வழவழப்பானாலும் மாற்றுங்கள், மேலே எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

ரப்பர் தோட்டக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். பால் பிடிக்கச் சிரட்டை போதும். பால் வெட்டுகிற கத்தியில் மட்டும் யாரும் மிச்சம் பிடிப்பதில்லை. உள்ளே வளர்கிற படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே வரை வெட்டினால்தான் பால் நன்றாக வரும், அதையும் தாண்டிக் காயம் பட்டால் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்டவே முடியாது. முனை மழுங்குகிற கத்தி அழுத்தம் கேட்கும், அழுத்தினால் ஆழம் தவறும். வீட்டு வெட்டுகத்திக்கும் இதில் பாதி பொருந்தும். கொல்லுப்பட்டறையில் லாரியின் வில்லுப்பட்டையில் அடித்த கத்தியும் கடையில் தொங்குகிற தகட்டுக் கத்தியும் விலையில் இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கலாம். முதலாவது தேங்காய் வெட்டி, விறகு கீறி, மரச்சீனி (மரவள்ளி) கம்பு நறுக்கி, தீட்டத் தீட்ட வரும். அது துருப்பிடிக்கிற இரும்பு என்பதால் வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும். வாங்கும்போது கைப்பிடிக்குள் வால் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள், பாதியோடு நின்றால் ஆடத் தொடங்கும்.

எவ்வளவு பயன்படுத்துவோம் என்றே தெரியாத பொருட்கள் சில உண்டு. டிரில்லிங் மெஷின், புல் வெட்டுகிற மெஷின், மாவு பிசைகிற மெஷின் இந்த வகை. இவற்றில் முதல் தடவையே விலை கூடினதை எடுக்க வேண்டாம். மலிவானதை வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். அது எந்த இடத்தில் மக்கர் செய்கிறது என்று கவனியுங்கள். டிரில்லில் பிட்டைப் பிடிக்கிற சக் ஆடுகிறதா, சுவிட்ச் போகிறதா, வேகம் போதவில்லையா? அடுத்தது வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் அந்த ஓர் இடத்தைப் பற்றி மட்டும் கேட்டால் போதும். புல் வெட்டுகிற மெஷினில் பெரும்பாலும் கார்புரேட்டர்தான் அடைக்கும், அதுவும் மழை முடிந்து பல மாதம் பெட்ரோலோடு மூலையில் வைத்ததால். டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கிற வரை ஓடவிட்டு எடுத்து வைத்தால் மலிவான மெஷினும் அடுத்த மழைக்கு முதல் இழுப்பிலேயே எடுக்கும்.